மேல் வரிசைத் தக்காளி

எங்கள் மொட்டைமாடியில் பதினான்கு தக்காளிச் செடிகள் இருந்தன. அதில் ஒன்று தலை சாய்த்தாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தக்காளி மேல் அவ்வளவு ஆசையா என்று கேட்காதீர்கள். கடைத் தக்காளியே எனக்குப் போதும். இவர் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, விஷயம் அவ்வளவுதான்.

இவர் என்றால் என் கணவர். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அந்த முப்பது வருடத்தில் எத்தனை முறை லிஃப்டை ஏற்றி இறக்கினாரோ, அதைவிட அதிகமாகச் சிகரெட் ஊதியிருப்பார். போன வருடம் ஒருநாள், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவர் கழற்றிப் போட்டிருந்த லிஃப்ட் ஓடாததால் நான்கு பேர் சேர்ந்து படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள். ஆபரேஷன் முடிந்ததும் இதய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இனிமே சிகரெட் கூடாது. ஒண்ணே ஒண்ணுன்னாலும் கூடாது."

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். நான் அதே ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஒரு வார்டில் கிருமி கிளம்பினால் அது எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்கு, யார் கையைப் பிடித்துக்கொண்டு போனது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பெரிய டாக்டர்களே என் தலையைப் பார்த்தால் கை கழுவக் குழாயைத் தேடிப் போவார்கள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று எந்த நோயாளியாவது சொன்னால் நான் அவர் வாயைப் பார்க்க மாட்டேன், விரல் நுனியைத்தான் பார்ப்பேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

இவரும் விட்டுவிட்டேன் என்றார். இவரை மட்டும் நம்பினேன். கட்டிக்கொண்டவர் ஆயிற்றே.

விட்டதும் இவர் கைகள் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே ஓய்வு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் வாரம் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தார். இரண்டாம் வாரம் மிக்ஸியைப் பிரித்து மாட்டினார், மூன்று திருகாணி மிச்சம் வந்தது. அதற்குப் பிறகு மிக்ஸி போடும்போதெல்லாம் நான் சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொள்வேன். மூன்றாம் வாரம் இவர் விரல்கள் சட்டைப்பையை நோக்கிப் போவதும், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவதுமாக இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே தக்காளி விதை வாங்கி வந்தேன்.

பழைய லிஃப்ட் இரும்புகளைத் திருகாணி போட்டு முடுக்கி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை செய்தார். அதில் பத்து வாளி, பத்துச் செடி. மாத்திரைகளின் விளைவாகக் குனிந்தால் இவருக்குத் தலை சுற்றும், அதனால்தான் மேடை. தரையில் எதிர்ப்பக்கச் சுவரோரம் நான்கு தொட்டிகள். அவை என் பொறுப்பு. மேல் வரிசை இவர் வார்டு, கீழ் வரிசை என் வார்டு என்று பிரித்துக்கொண்டோம். ஒரு வார்டு ஆள் இன்னொரு வார்டில் கை வைக்கக் கூடாது என்றேன்.

"செடிக்குமா இந்தச் சட்டமெல்லாம், சிஸ்டர்?" என்றார் இவர். கல்யாணத்துக்கு முன்பு நசுங்கிய விரலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. ஊரே கூப்பிடுவதால் இவர் கூப்பிடுவதும் யாருக்கும் உறுத்துவதில்லை.

"செடிக்கும்தான்," என்றேன்.

இன்னொரு சட்டமும் போட்டேன். மாடிக் கதவை ஒட்டி ஒரு குழாய் உண்டு. பக்கத்தில் ஒரு வலைப்பையில் சோப்பு கட்டித் தொங்கவிட்டேன். செடியைத் தொட்டுவிட்டு இறங்குகிறவர்கள் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பூச்சிக்கு அடிக்கிற கண்டதும் கடியதும் சமையலறைக்குள் வரக் கூடாது அல்லவா? அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

முதலில் வந்தது அசுவினி. கொழுந்துக்கு அடியில் பச்சைப் பச்சையாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சின. குழாயைத் திருகி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினோம், மூன்று நாளில் ஒழிந்தன. பின்னாலேயே வெள்ளை ஈ வந்தது. மஞ்சள் அட்டையில் பசை தடவி விற்கிறார்கள், அதை வாங்கித் தொங்கவிட்டோம். முதல் நாள் அதில் ஒட்டிய பெரிய உருப்படி என் கொண்டைதான். பிய்த்தெடுக்க இவருக்கு அரை மணி நேரம் ஆனது, அதில் கால் மணி நேரம் சிரிப்பு. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் அடித்துக் கலக்கி வெயில் தாழ்ந்ததும் தெளித்தோம்.

காய் பிடித்ததும் காய்ப்புழு. பிஞ்சில் ஓட்டை போட்டுத் தலையை மட்டும் உள்ளே விட்டுத் தின்னும். இவர் கருவிப் பெட்டியிலிருந்து நீளமான இடுக்கியை எடுத்துக்கொண்டு தினம் காலையில் வேட்டைக்குப் போனார். அடியிலை பழுத்து வளையம் வளையமாகக் கருகியபோது கீழ்த் தழையைக் கழித்துவிட்டு, இலையில் படாமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டோம். காயின் அடி கறுத்து அழுகியது. அது நோயே இல்லை, ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று தண்ணீர் விட்டதன் கோளாறு. இவர் ஒரு மிதவையும் மெல்லிய குழாயும் வைத்து எல்லாச் செடிக்கும் அளவாகச் சொட்டும்படி செய்துவிட்டார்.

எதுவும் எங்களிடம் வாலாட்ட முடியவில்லை. நான் வேலை முடிந்து மூன்று மணிக்கு வரும்போது இவர் விரல்களில் தக்காளித் தழை வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடிக்கும். பக்கக் கிளைகளைக் கிள்ளிக் கிள்ளி நகத்தோரம் மஞ்சளும் பச்சையுமாகக் கறை ஏறியிருக்கும். அலைச்சல் நின்றுவிட்ட அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தச் செடிகள் இருக்கும்வரை இவர் பிழைத்துக்கொள்வார் என்று முழுதாக நம்பினேன்.

அப்போதுதான் மேல் வரிசையில் மூன்றாவது செடியின் கொழுந்து கோணிக்கொண்டது.

இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக, முதுகில் தேமல் படர்ந்த மாதிரி. புது இலை அகலமாக வராமல் நாடா போல ஒடுங்கி வந்தது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு பூச்சி இல்லை. பத்து நாளில் ஐந்து செடிக்குப் பரவியது. வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. இவர் மேடை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மறுபடி சட்டைப்பைப் பக்கம் போவதைக் கண்டேன்.

இரண்டு இலைகளைப் பையில் போட்டு ஒட்டி, செடி நோய் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த செடி டாக்டர் சின்ன வயதுப் பெண். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு துண்டை நசுக்கி ஏதோ பட்டையில் தொட்டுச் சோதித்தாள்.

"தேமல் நோய்ங்க. வைரஸ். இதுக்கு மருந்து கிடையாது. பிடுங்கிப் போட வேண்டியதுதான்."

"எந்தப் பூச்சி கொண்டுவந்துது?"

"இது பூச்சியால வர்றது இல்ல. கையால வர்றது. ஒரு செடியத் தொட்டுட்டு அடுத்ததைத் தொட்டாப் போதும், பரவிடும். உங்க வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா? புகையிலையில இந்த வைரஸ் இருக்கும், காஞ்ச இலையிலயும் சாகாது. சிகரெட் எடுத்த விரலால செடியைத் தொட்டாலே ஒட்டிக்கும்."

"எங்க வீட்ல யாரும் கிடையாது," என்றேன். "இருந்தவரும் விட்டாச்சு."

அன்றைக்கு என் குரலில் இருந்த உறுதியை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

திரும்பி வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். மூலை முடுக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். மழைத் தண்ணீர் இறங்குகிற ஓட்டைக்குள் கிடந்தது, ஒரு சிகரெட் துண்டு. எனக்கு உடனே ஆள் புரிந்துவிட்டது. மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பிளம்பர் வருவார். கட்டடத்தில் எல்லோரும் டேங்க்காரர் என்போம். அவர் தொட்டியின் வால்வுக்குப் போக வேண்டுமென்றால் மேல் வரிசையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். கீழ் வரிசைப் பக்கம் அவருக்கு வேலையே இல்லை. கீழ் வரிசையில் நோயும் இல்லை. கணக்கு கச்சிதமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வந்தார். இவரும் நானும் மாடியில் இருந்தோம். நான் துண்டைக் காகிதத்தில் வைத்து நீட்டினேன்.

"இது யாரோடது?"

"என்னோடது இல்ல சிஸ்டர். நான் விட்டு மூணு வருஷம் ஆச்சு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"சிஸ்டர், என் பொண்ணு மேல சத்தியமா சொல்றேன்."

"பொண்ணை ஏன் இழுக்குறீங்க? கையக் கழுவாம செடிக்கு நடுவுல நடந்து, அஞ்சு செடியக் கொன்னுட்டீங்க. இந்தச் செடி எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியுமா? இனிமே இங்க கால் வைக்கக் கூடாது. தொட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தார். இவரோ தண்ணீர்த் தொட்டியின் பக்கம் திரும்பி, அதைத் தட்டித் தட்டி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டேங்க்காரர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார். குற்றமுள்ள நெஞ்சு, பேச வாய் வரவில்லை என்று நினைத்தேன். அதை இவரிடம் சொல்லவும் செய்தேன்.

"விடு சிஸ்டர்," என்றார் இவர்.

அன்றே மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டேன். இரண்டு சாவி. ஒன்று என் கைப்பையில், ஒன்று இவரிடம். புதிதாக வந்த தொட்டி ஆளுக்கு என் விடுமுறை நாளில் நானே கதவு திறந்து, கூடவே நின்று, முழங்கை வரை கழுவவைத்து, மேடையிலிருந்து தள்ளி நடக்கவைத்து அனுப்பினேன்.

மேல் வரிசைப் பத்தையும் வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினேன். இவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, ஒவ்வொரு செடிக்கும் உதடு துடித்தது. மண்ணைக் கொட்டினேன். வாளி, கம்பி, கத்தரி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். கட்டியிருந்த கயிற்றை எல்லாம் தூக்கி எறிந்தேன். கீழ் நான்கும் நன்றாகவே இருந்தன, ஆனாலும் வயதாகிவிட்டதால் அவற்றையும் எடுத்தேன். சமையலறை ஜன்னலில் ஒரே தட்டில் பத்து நாற்று வளர்த்தேன். ஒரே விதை, ஒரே மண். ஆறு மேலே, நான்கு கீழே. அறுவை சிகிச்சை அறைகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

"இப்ப வரட்டும் பாக்கலாம்," என்றேன்.

வந்தது. மாடியில் நட்ட இருபத்தாறாம் நாள் மேல் வரிசையின் முதல் செடி, இருபத்தேழாம் நாள் நான்காவது. அதே திட்டு, அதே நாடா இலை. அந்த வாரக் கடைசிக்குள் ஆறும் போயின.

கடைசிச் செடியும் போன அன்று ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் மூன்று பேருக்குப் புண் சீழ் பிடித்திருந்தது. நான் வழக்கம்போல ஒரு தாளில் கட்டில்களை வரைந்து, யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை, யாரை யார் தொட்டார்கள் என்று கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். கட்டு மாற்றுகிறவர் ஒரே கத்தரியை மூன்று பேருக்கும் போட்டிருக்கிறார். வேலை முடிந்தது. தாளில் பாதி காலியாக இருந்தது. என் கை அதுபாட்டுக்கு அதில் பத்து வட்டம் போட்டது. மேலே ஆறு, கீழே நான்கு.

பிடித்தது: மேலே ஆறு. பிடிக்காதது: கீழே நான்கு. விதை, மண், தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்று. சாவி இரண்டு. கீழே தொட்டது நான். மேலே தொட்டது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கண் முன்னால் வலைப்பையில் சோப்பு ஆடியது. இறங்கும்போது கழுவு என்றுதானே சட்டம் போட்டேன்? ஏறும்போது கழுவு என்று நான் சொல்லவே இல்லை. புகை வாசனையோடு இவர் வீட்டுக்குள் வந்திருந்தால் முதல் நாளே மூக்கில் அடித்திருக்கும். முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வரும்படி சோப்பையும் நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். விரலில் இருந்த மஞ்சள் கறையைச் செடிக் கறை என்று நானே பேர் வைத்திருக்கிறேன். ஊரார் விரலை எல்லாம் பார்க்கிறவள், வீட்டு விரலை மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடிக் கதவு திறந்துதான் இருந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்த வேகத்தில் ஈக்குத் தொங்கவிடுகிற மஞ்சள் பசை அட்டைகளின் பெட்டி கீழே விழுந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி தாளை நீட்டினேன்.

"இதைக் கொஞ்சம் பாருங்க. லிஃப்ட் பாக்குற மாதிரி பாருங்க. பழுது எங்கன்னு சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொழில் என்று வந்துவிட்டால் இவருக்கு உலகமே மறந்துவிடும்.

"பத்தும் ஒரே விதையா?"

"ஆமா."

"மண்ணு?"

"ஒரே மூட்டை."

"தண்ணியும் ஒரே தொட்டி. அப்போ அதெல்லாம் இல்ல." விரலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். "பூட்டு போட்டதுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான்."

"அப்போ வெளி ஆளும் இல்ல. மேல ஆறும் போயிருக்கு, கீழ நாலும் நல்லா இருக்கு. மேல இருக்குறதை மட்டும் யாரு தொட்..."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். தாளை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான், சிஸ்டர்."

"சிஸ்டர்னு கூப்பிடாதீங்க."

மஞ்சள் அட்டைப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். பசை அட்டைகளுக்கு நடுவிலிருந்து சிகரெட் பாக்கெட் விழுந்தது. கொண்டை ஒட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை என்று இவருக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! சிகரெட்டுக்காக வந்த கோபம் அதில் பாதிதான்.

"அந்த மனுஷன் இதே இடத்துல நின்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணாரு. அவர நான் நாயை விரட்டுற மாதிரி விரட்டினேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்க. தொட்டியத் தட்டிக்கிட்டு நின்னீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அவர் வேலை போச்சு. என் வாயால போச்சு. உங்களை நம்பினதுக்கு எனக்கு நல்லா வேணும்."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். வாய் வரல."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"செடி வச்ச முதல் வாரம். படி ஏறி வந்தப்போ இங்க லேசா பிடிச்சுது." நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். "பயந்துட்டேன். பயம் வந்தா வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. பழைய சட்டையில ஒண்ணு கிடந்துது, பத்த வச்சேன்."

"நெஞ்சு வலிக்குச் சிகரெட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத, பாழாய்ப்போன சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தினேன். இருபத்தாறு வருட நர்ஸ் அப்போதுதான் விழித்துக்கொண்டாள்.

"இப்பவும் பிடிக்குதா?"

இவர் செடியைப் பார்த்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. இப்பவும் வலி இருக்கா?"

"படி ஏறினா. அப்பப்போ. இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவே. அங்க சிகரெட்டைக் கண்டுபிடிச்சுடுவாங்க."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இவர் கையைப் பிடித்தேன். பிசுபிசுவென்று தழைக் கறை, அதற்கு அடியில் புகை. கழுவச் சொல்லவில்லை. அப்படியே கூட்டிக்கொண்டு இறங்கினேன், ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று. மொட்டைமாடிக்கு அடுத்த தளத்திலிருந்து லிஃப்டில் போனோம். அதைப் பழுதுபார்த்து வைத்திருப்பவர் இவர்தான், ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகிற இன்னொரு ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. மறுநாள் காலை அடைப்பை எடுத்து ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்துவிட்டு இதய டாக்டர் வெளியே வந்தார்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க சிஸ்டர். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அவர் வலிக்குதுன்னே யார்கிட்டயும் சொல்லலையாமே? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இலையில தெரிஞ்சுது டாக்டர்," என்றேன்.

ராத்திரியெல்லாம் தூங்காமல் உளறுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து இவரே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். டேங்க்காரர் கடைக்கு. நானும் போனேன், திட்டியது என் வாய்தானே. அவர் கடையில் குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். இவர் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் மன்னிப்புக் கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் அவர். "சார் என் முகத்தைப் பாக்கவே இல்லையே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா, சிஸ்டர்?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டி இப்போது எப்படி இருக்கிறது, புது ஆள் வால்வைச் சரியாக மூடுகிறானா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அந்த வாரமே தொட்டி மறுபடி அவர் பொறுப்புக்கு வந்தது. மாடிப்படி தொடங்குகிற இடத்தில் ஒரு புதுக் குழாயும் பொருத்தினார். இனிமேல் ஏறுவதற்கு முன்பே கழுவ வேண்டும் என்று புதுச் சட்டம்.

நோய்ப்பட்ட ஆறையும் பிடுங்கி, மேடையைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்துவிட்டதால் மேல் வரிசை காலியாகக் கிடந்தது. இவர் சாவியை நான் வாங்கிவைத்துக்கொண்டேன். கீழே என் நான்கு செடிகள் மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றன. செடிப்பக்கமே இவரைச் சேர்ப்பதில்லை என்று இருந்தேன். ஒருநாள் காலை கேட்டார்.

"அந்த நாலுல ரெண்டு எனக்குக் குடு."

"எதுக்கு?"

"மேடையில ஏத்தி வச்சுடு. நான் மட்டும் தொடுறேன், நீ தொடாத. இருபத்தெட்டு நாள் பாரு. தேமல் வந்துதுன்னா நான் பொய் சொல்றேன்னு வச்சுக்கோ. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணு."

"வரலைன்னா?"

"சாவியக் குடு."

வாயால் சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இது என் தொழில் பாஷை. டேங்க்காரர் வந்து இரண்டு செடித் தொட்டிகளையும் மேடையில் தூக்கிவைத்தார். கதவுப் பக்கம் காலண்டரை மாட்டினேன். தினம் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், கீழ்க் குழாயில் இவர் கழுவுவார். ஈரக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பேன், அரை மணி நேரம் கூடவே நிற்பேன். மற்ற நேரத்தில் இவர் கடைத்தெருவுக்குப் போகிறாரா, யாரிடமாவது வாங்குகிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டியதை எல்லாம் செடி விசாரித்துக்கொள்ளும்.

பதினேழாம் நாள் மேல் செடி ஒன்றில் ஓர் இலை வெளுத்திருந்தது. இவர் முகம் செத்துப்போய்விட்டது. "நான் இல்ல. சத்தியமா நான் இல்ல," என்றார், டேங்க்காரர் சொன்ன அதே குரலில். கிட்டே போய்ப் பார்த்தேன். இலைக்குள்ளே கோணல்மாணலாக வெள்ளைக் கோடு ஓடியது. கோட்டின் நுனியில் கடுகில் பாதி அளவு ஒரு புழு, இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தது.

"இலைப்புழு!" என்று கத்தினேன். "வெறும் இலைப்புழுதாங்க!"

ஒரு பூச்சியைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அது ஒருமுறைதான். இவர் அந்த இலையைக் கிள்ளி நசுக்கினார். விரல்கள் சட்டைப்பைப் பக்கம் போகவில்லை.

இருபத்தெட்டாம் நாள் காலையில் நான் முதலில் தனியாக ஏறிப் போனேன். இவர் செடி இரண்டின் ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். கொழுந்து நிமிர்ந்து அகலமாக விரிந்திருந்தது. திட்டு இல்லை, ஒடுக்கம் இல்லை, அடி முதல் நுனி வரை ஒரே பச்சை. இறங்கி வந்தேன். இவர் கீழ்க் குழாயில் கழுவி முடித்து, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

நான் முகரவில்லை. ஈரமான உள்ளங்கையில் சாவியை வைத்தேன்.

கண்ணைத் திறந்து சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திணறினார்.

"சிஸ்டர்னே கூப்பிடுங்க," என்றேன். சொல்லிவிட்டு இவருக்கு முன்னால் இரண்டு படி ஏறினேன்.

"சிஸ்டர்," என்றார் பின்னாலிருந்து. "கையக் கழுவிட்டு ஏறு. மேல என் செடி இருக்கு."

இறங்கி வந்து, முழங்கை வரை கழுவிக்கொண்டு, இவர் பின்னால் ஏறினேன்.